ஏழாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

“சத்தத்தைப் பத்தித்தானேம்மா? இனிமே வராது. எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டேன்” என்றார் பாடகர், கதவைப் பாதி மட்டும் திறந்தபடி.

வாசலில் நின்றது கீழ்வீட்டு அம்மா. எழுபது வயதிருக்கும். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு. இத்தனை வருடப் பழக்கம் அவ்வளவுதான்.

“அதைக் கேக்கத்தான் வந்தேன். மூணு மாசமா ஏன் தம்பி பாடலை?”

ஹெவி மெட்டல் ரசிகர்கள் அவரை ‘இடி’ என்பார்கள். போன கச்சேரிக்குப் பிறகு ஒரு பத்திரிகை அவர் குரலை ‘எண்ணெய் காணாத கதவு’ என்று எழுதியது. அதோடு வாயை மூடியவர்தான். ஆம்ப்ளிஃபயர் போர்வைக்குள் கிடந்தது. நாலு மணிக்கு ஒருவன் வந்து அதை விலைக்கு எடுத்துப் போவதாக ஏற்பாடு.

“தொண்டை போயிடுச்சும்மா.”

“யார் சொன்னது?” அந்த அம்மா உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “முதல் ஆல்பத்துல வெறும் கோபம்தான் இருந்துச்சு, பாட்டு இல்லை. ரெண்டாவதுலதான் மூச்சை எங்க விடணும்னு பிடிபட்டுச்சு. நாலாவதுல மெதுவாப் பாடினீங்க. எல்லாரும் திட்டினாங்க. ஆனா நீங்க பாடகர் ஆனது அப்பதான்.”

பாடகர் எதிரே உட்கார்ந்தார். நாலாவது ஆல்பத்தைப் பற்றி அவருடைய மனைவிகூட ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

“கிடார்காரர் பாதிக் கச்சேரியில கோவிச்சுக்கிட்டுப் போனாரே, அன்னைக்கு வெறும் டிரம்ஸை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பாடினீங்க. யாரால முடியும்?”

“தொண்டையில ஆபரேஷன் பண்ணினதுக்கு அப்புறம் குரல் மேல எழும்பலைம்மா.”

“எழும்பாட்டி என்ன? உச்சியில கத்தறதுக்குத் தொண்டை இருந்தா போதும். அடியில இறங்கி உறுமறதுக்கு அடிபட்டிருக்கணும். ஏழாவது ஆல்பத்துல அது இருக்கு. அந்தக் கடைசிப் பாட்டை இப்ப ஒரு தடவை பாடுங்க. முழுச் சத்தத்தோட.”

அவர் போர்வையை உருவினார். மைக்கைச் செருகினார். முதல் வரி கரகரத்துத் தடுக்கியது. இரண்டாவது வரியில் அடிவயிற்றிலிருந்து உறுமல் கிளம்பி, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டு, கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. நாலு மணிக்காரனுக்குப் போன் போட்டு, “வர வேண்டாம்ப்பா” என்றார். பிறகு திரும்பினார்.

“இப்படி ஒரு ரசிகை கீழ்வீட்டுலயே இருக்கீங்கன்னு தெரியாமப் போச்சேம்மா.”

அதற்குள் அந்த அம்மாவின் கைப்பேசி அடித்தது. காதில் வைத்துக் கேட்டாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“நான் ரசிகை இல்லை தம்பி, எனக்குத் தலை வெடிக்குது. சொன்னதெல்லாம் என் வீட்டுக்காரர் முப்பது வருஷமா சாப்பிடும்போது பேசிப் பேசி எனக்கு மனப்பாடம் ஆனது” என்றாள். “வாதம் வந்து ஒரு மாசமா அசைவில்லாமக் கிடக்கிறார். இப்ப நீங்க பாடினப்ப அவர் கால் கட்டைவிரல் தாளம் போட்டுச்சாம், பொண்ணு சொல்றா. இன்னொண்ணு பாடுங்க.”