மூலையில் மினுங்கும் பெயர்

சிலிபின் வட்டாரத்துக் கடைவீடு ஒன்றின் மாடியில் பகலிலேயே விளக்கெரிகிறது. வெளியே அப்படியொரு மழை. கணினி வகுப்பில் இன்று யாரும் சேராவிட்டால் வகுப்போடு பெட்ரீசியாவின் வேலையும் போய்விடும். அதனால்தான் பார்க்க வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு விமான விளையாட்டைக் காட்டி ஆள் சேர்க்கப் பார்க்கிறாள். டிஸ்கெட்டைச் செருகுகிறாள், கரகரவென்று சுற்றுகிறது, மறுபடியும் திரை உறைந்துபோகிறது. மேல்மூலையில் மட்டும் 'தலைவர் ஆம்புரோஸ் வாழ்த்துகிறார்' என்று ஆங்கிலத்தில் பச்சை எழுத்து சளைக்காமல் மினுங்குகிறது. கணினியைத் திறந்ததிலிருந்து மூடும்வரை எது ஓடினாலும் அதன் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கவேண்டுமென்று, வகுப்பை நடத்தும் சங்கத்தின் தலைவரே கேட்டு எழுதவைத்த வாழ்த்து அது. பக்கத்தில் நிற்கும் அவரிடம் பெட்ரீசியா திரும்புகிறாள். "சார், உங்க பேரு மெமரியில எடத்த அடைச்சிக்கிட்டு நிக்கிது. அத எடுத்துட்டா கேம் ஓடும்." "கேம் ஓடலன்னா போவட்டும்லா. பேரு இருக்கட்டும்." கழுத்தை அறுத்தாலும் மாலையைக் கழற்றாத மனிதர். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த முத்தம்மா ஈரக் குடையை உதறிக்கொண்டு எழுந்து, பக்கத்து நாற்காலிக்காரியைக் கூப்பிடுகிறாள். "வாங்கக்கா, பஸ்ஸு போயிரும்லா." நாற்காலிகள் ஒவ்வொன்றாய்க் காலியாகின்றன. படியில் செருப்புச் சத்தம் இறங்கி மழையில் கரைகிறது. விசைப்பலகை மேல் பெட்ரீசியாவின் கைகள் அப்படியே கிடக்கின்றன. தலைவர் கடைசி நாற்காலிவரை நடந்துபோய், கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்க்கிறார். "இங்கேருந்துகூட நல்லா தெரியுதும்மா."