மயில்கழுத்து நிறத்தில் ஐந்து

“உது ஒரு தோய்ச்சலோடை வெளிறிப்போம்,” என்றார் ஞானாம்பிகை ரீச்சர்.

அவ்வளவுதான். விறாந்தையில் சேலைகளைத் தடவிக்கொண்டிருந்த நாலு பெண்களும் சுட்டதுபோலக் கையை எடுத்தார்கள்.

ஒரு நிமிடத்துக்கு முன் உதயகலா தோளில் போட்டு அழகு பார்த்த சேலை அது. இப்போது அவளே, “எனக்கும் அப்பிடித்தான் பட்டது,” என்றாள்.

மர்ழியா வாதாடவில்லை. அச்சுவேலியின் இந்த ஒழுங்கைக்குப் பத்து வருடமாகத் துணிப்பை சுமந்து வருகிறாள். ரீச்சர் தலையாட்டினால் ஒழுங்கையே வாங்கும். மூக்கைச் சுளித்தால் பட்டும் பழந்துணிதான். ரீச்சர் பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது; புள்ளி போடும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

ஆனால் இந்தமுறை மர்ழியாவுக்கு மனம் சோர்ந்துவிட்டது. கொழும்பில் ஆசைப்பட்டு எடுத்த மயில்கழுத்து நிறச் சேலைகள், ஒரே மாதிரி ஐந்து. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் தேர். அதற்குள் போகாவிட்டால் தீபாவளிவரை அலுமாரியில் தூங்கும்.

மற்ற ஒழுங்கைகளில் எல்லோரும் ஃபோனில் பார்த்து வாங்கப் பழகிவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வர அவளுக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒழுங்கை ஒன்றுதான். இங்கேதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுப்பார்கள்.

ஐந்தையும் மடித்துப் பையில் வைத்தாள். எழும்பும்போது முழங்கால் விண்ணென்று வலித்தது.

ஒழுங்கை நீளமில்லை. ஆனாலும் அன்று அதைக் கடக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. அந்த நாலு பேரில் ஒருத்தி கேற்றடியில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தாள். ஒருத்தி கிணற்றடிக்குக் கூட்டிப்போய், வெயில் தாழப் போகச் சொன்னாள். கோபிகா குசினி வாசலில் வைத்துப் பிள்ளைகளின் சுகம் விசாரித்தாள். உதயகலாகூடக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று கைகாட்டினாள்.

ஒழுங்கை முடிகிற இடத்தில் கிடுகு வேலி சலசலத்தது. ஆடு நுழைகிற ஓட்டைப் பொட்டுக்குள்ளால் ரீச்சரின் தலை வந்தது. நரைமுடியில் ஒரு காய்ந்த ஓலைத்துண்டு.

“மர்ழியா, அந்த மயில்கழுத்திலை எனக்கு ஒண்டு தாரும்.”

“வெளிறும் எண்டு சொன்னீங்களே ரீச்சர்?”

“அப்பிடிச் சொல்லாட்டில் ஆளுக்கொண்டா எடுத்திருப்பினம். பிறகு தேரிலை என்னை ஆர் பாக்கிறது?”

யாராவது கேட்டால், மகன் கனடாவிலிருந்து அனுப்பியது என்று சொல்லப்போகிறாராம். பிறகு ரீச்சர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

“மற்றதுகளை இந்த ஒழுங்கைக்குள்ளை ஒருத்திக்கும் குடுத்துப்போடாதையும்.”

“இனிக் குடுக்கமாட்டன், ரீச்சர்.”

சேலை பொட்டுக்குள்ளால் போனது. ரீச்சர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்வளவால் பதுங்கிப் பதுங்கி நடந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

மர்ழியா சொன்னதில் பொய் இல்லை. பையில் மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான்.

ரீச்சருக்கு வந்த யோசனை மற்ற நாலு பேருக்கும் வராமலா போகும்? ரீச்சர் கழித்ததை இனி யாரும் தொடமாட்டார்கள், தேரில் தான் மட்டும்தான் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துவிட்டாள். கேற்றடியில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, குசினி வாசலில் ஒன்று, கோழிக்கூட்டடியில் ஒன்று. தேர்வரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று நாலு பேரும் தனித்தனியாகக் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார்கள்.

வெறும் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நடக்க முன் ஒழுங்கையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து பேரும் ஒரே வடத்தைப் பிடிப்பார்கள்.

சனிக்கிழமையிலிருந்து இங்கே அவளுக்குத் தேத்தண்ணி இல்லை.