தோல் புட்டிங்

காலை பத்தரை மணி. மேஜைமேல் இரண்டு கிண்ணங்கள். எதிரே தோல் மேடம்.

காய்கறி நறுக்கி பாக்கெட் போடும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு அதுதான் பெயர். கேரட் தோல், பூசணிக் குடல் என்று குப்பைக்குப் போவதையெல்லாம் கழுவி, உலர்த்தி, அரைத்து, வெந்நீர் ஊற்றினால் புட்டிங் ஆகிற பவுடர் செய்திருந்தாள்.

விற்பனை மேனேஜர், முதலாளியின் மனைவிக்குத் தம்பி. கம்பெனி முழுக்க அவர் 'மச்சான் சார்'.

"குப்பையைக் கிண்ணத்துல ஊத்தினா பலகாரம் ஆயிடுமா மாமா? செத்தாலும் அதை நான் வாயில வைக்க மாட்டேன்!" என்று நாலு பேர் முன்னால் சொன்னவர், மாவு, கலர், எசென்ஸ் வாங்கிக் கலந்து தானும் ஒரு பவுடரோடு வந்துவிட்டார்.

முதலாளிக்குச் சர்க்கரை வியாதி. இரண்டையும் தொட்டதில்லை. ருசி பார்த்து முடிவு சொல்ல, ஊரில் பாதி கேன்டீன்களை நடத்தும் ஒரு அம்மாவை அழைத்துவிட்டார். அந்த அம்மா தோல் பவுடரை வேண்டாமென்றால், அதற்காக வாங்கிய உலர்த்தும் மெஷின் திரும்பிப் போகும். தோல் மேடத்தின் வேலையும் அதோடு போகும்.

கிண்ணங்களின் முன்னால் சீட்டுகள். 'தோல்'. 'மச்சான்'. இரண்டிலும் ஒரே ஆரஞ்சு நிறம்.

கேன்டீன் அம்மா 'தோல்' கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் எடுத்தார். முகம் சுளித்தது.

"மண் வாடை வருதே! என்ன இருந்தாலும் தோல் தோல்தான்."

மச்சான் சாருக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த கிண்ணம். ஒரு ஸ்பூன். இன்னொரு ஸ்பூன். கிண்ணமே காலி.

"அடேயப்பா! என்ன தம்பி போட்டீங்க இதுல?"

"எல்லாம் கைப்பக்குவம்தாங்க."

முதலாளிக்குத் தோல் மேடத்தின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவளோ ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை, கோபம் ஒன்றும் காணோம்.

"இன்னொரு கிண்ணம் கலக்குங்க தம்பி, பேத்திக்குக் கொண்டுபோறேன்."

மச்சான் சாரின் பல் உள்ளே போனது. "இப்பவா?"

"வெந்நீர் ஊத்தினா ஆச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வேறு வழியில்லை. தன் பாக்கெட்டைப் பிரித்துக் கலக்கினார். அந்த அம்மா நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது அது இல்லையே! இது மொதல் கிண்ணம்ல?"

அப்போதுதான் தோல் மேடம் எழுந்தாள். தன் பாக்கெட்டைப் பிரித்தாள். கலக்கினாள். நீட்டினாள்.

"இதேதான்!" என்ற அம்மா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "அப்போ, மண் வாடைன்னு சொன்னேனே..."

ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"சரி, என் கேன்டீன் எல்லாத்துக்கும் இதையே அனுப்புங்க. பாக்கெட்ல தோல்னு பெரிசாவே போடுங்க. நாலு பேர் நாக்காவது திருந்தட்டும்."

அவர் கார் கிளம்பியது. மச்சான் சாரும் எங்கேயோ மறைந்துவிட்டார்.

"கிண்ணம் எப்படிம்மா மாறிச்சு?" என்றார் முதலாளி.

"மச்சான் சார்தான் மாத்தி வச்சார். கண்ணாடிக் கதவு வழியா பார்த்தேன்."

"பார்த்துட்டுமா சும்மா இருந்தே?"

"சந்தோஷத்துல பேச்சே வரலை சார்."

"சந்தோஷமா?"

"எது நல்லா இருக்குன்னு தெரியாம யாராவது மாத்தி வைப்பாங்களா? அந்த அம்மா பாஸ் போடுறதுக்கு முன்னாடியே நம்ம புட்டிங்கைச் சாப்பிட்டுப் பார்த்து பாஸ் போட்டுட்டார் சார் அவர்!"

முதல் லாரி ஆகஸ்ட் 9-ஆம் தேதி கிளம்பியது. விற்பனைப் பொறுப்பு மச்சான் சாருக்கு. அவரையே போடச் சொல்லிக் கேட்டது தோல் மேடம்.