ஈறு ராஜாவின் சிரிப்பு

"கூட இருந்தே எவனோ குழி பறிச்சிருக்கான்!"

மருந்துக்காரர் வாசலுக்கும் முன்னறைக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தார்.

முன்னறை முழுக்க அட்டைப்பெட்டிகள். எல்லாவற்றிலும் 'ஈறு ராஜா' பாட்டில்கள். அவர் காய்ச்சி, வடிகட்டி, பாட்டிலில் அடைத்தது. அவர் மனைவி உட்கார்ந்து லேபிள் ஒட்டியது.

பெட்டிகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், புகாரின் பேரில் வந்த அரசாங்க மருந்து ஆய்வாளர் அம்மா. ஒரு பாட்டிலை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"ஏழே நாளில் ஈறு நோய் பறந்தோடும். ரத்தக் கசிவு நிற்கும். ஆடும் பல் பாறையாகும்... பாறையாகுமா சார்?"

"சத்தியமா ஆகும் மேடம். நானே இதுலதான் கொப்பளிக்கிறேன்."

"எங்க ஆய்வுக்கூடத்துல பார்த்தாச்சு. உப்புத் தண்ணி, கிராம்பு எண்ணெய், சிவப்புச் சாயம். அவ்வளவுதான்."

"அதோட பக்குவம் இருக்கே மேடம்! நானே கண்டுபிடிச்ச பக்குவம்!"

"இருக்கட்டும். லேபிள்ல எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாரே, இவர் யாரு?"

மருந்துக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான்!"

"எங்க, அதே மாதிரி ஒரு தடவை சிரிங்க பார்ப்போம்."

மருந்துக்காரர் உதட்டை இறுக மூடிக்கொண்டு சிரித்தார். வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு, துப்ப இடம் தேடுகிறவர் மாதிரி இருந்தது.

"பல்லு தெரிய."

"வெட்கமா இருக்கு மேடம்."

வெட்கமாவது மண்ணாவது! மேல்வரிசையில் இரண்டு பற்கள் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தன. பல் விளக்கினாலே வாஷ்பேசின் சிவந்துவிடும். கெட்டியான பண்டத்தை அவர் கடித்து மாசக்கணக்கானது. ஆனாலும் பல் டாக்டர் என்று யாராவது வாயெடுத்தால் போதும், "ஈறு ராஜாவைக் கண்டுபிடிச்சவனே டாக்டர்கிட்ட வாயைத் திறந்தா ஊரு என்ன பேசும்?" என்று எகிறுவார். பாவம், மனுஷன் மோசக்காரர் இல்லை. தன் லேபிளைத் தானே நம்பியவர்.

ஆய்வாளர் எழுந்தார். "இந்த லேபிளோட ஒரு பாட்டில்கூட வெளியே போகக் கூடாது. இப்பவே என் கண் முன்னாடி உரிச்சுப் போடுங்க. வாய் கொப்பளிக்கிற தண்ணின்னு உள்ளதைச் சொல்லி, முறையா அனுமதி வாங்கி வித்துக்குங்க."

"அப்போ தொழிலை மூட வேண்டாமா?"

"உப்புத் தண்ணியில கெடுதல் இல்ல சார். இதை நம்பி டாக்டர்கிட்டப் போகாம பல்லைப் பறிகொடுக்கிறாங்களே, அதுதான் கெடுதல்."

மருந்துக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "புகார் குடுத்த ஆள் யாருன்னு மட்டும் சொல்லிடுங்க மேடம்!"

"அதைச் சொல்றதில்ல."

சொல்லித்தான் தெரியவேண்டுமா? எதிர்மாடியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறானே, மனைவியின் கூடப்பிறந்த தம்பி, அவனைவிட்டால் வேறு யார்?

அந்த நேரம் பார்த்து அவனே உள்ளே வந்தான். "அக்கா போன்ல கூப்பிட்டுச்சு. லேபிள் உரிக்கணுமாமே?"

"வாய்யா மச்சான்! உன் வியாபாரத்துக்கு என் வயித்துல அடிச்சிட்டியே, உனக்கே நல்லா இருக்கா?"

"மாமா, நான்..." என்று தொடங்கியவன், உள்ளேயிருந்து வெந்நீர்த் தொட்டியைக் கொண்டுவந்து வைத்த அக்காவைப் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டு, வெள்ளைக் கோட்டின் கையை மடித்துவிட்டு, அதில் பாட்டில்களை முக்க ஆரம்பித்தான்.

மனைவியும் உட்கார்ந்தாள். சும்மா நின்று பார்த்த ஆய்வாளருக்குக் கை துறுதுறுத்தது போலிருக்கிறது.

"நகத்தால சுரண்டாதீங்க, ஓரத்தைப் பிடிச்சு இழுங்க" என்று சொல்லிக்கொண்டே அவரும் கைவைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் தொட்டி நிறைய மருந்துக்காரர்கள் மிதந்தார்கள். ஒருவர் தலைகீழாக, ஒருவர் பாதி மூஞ்சியோடு, ஒருவர் மச்சானின் முழங்கையில் ஒட்டிக்கொண்டு. அத்தனை பேரும் ஈ என்று இளித்தார்கள்.

முதலில் ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் மனைவிக்கு. மச்சான் முழங்கையைத் தூக்கி, "மாமா, விடமாட்டேங்கிறீங்களே!" என்றதும், மருந்துக்காரரே தன்னை மறந்து, வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டார்.

எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது.

"சார், இது என்ன சார் ஈறா, ரணமா?" என்று ஆய்வாளர் பதறினார்.

மச்சான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "மாமா, இன்னும் காப்பாத்திடலாம். இப்பவே வாங்க."

மருந்துக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். "பல்லெல்லாம் கொட்டினாலும் சரி. என்னைக் காட்டிக்குடுத்தவன்கிட்ட வாயைத் திறக்க மாட்டேன்!"

"அவன் இல்லீங்க," என்றாள் மனைவி. "புகார் குடுத்தது நான்."

"நீயா? ஒவ்வொரு லேபிளும் உன் கையால ஒட்டினதாச்சே!"

"ஆமாங்க. என் கையால ஒட்டின பொய்யை நீங்களே நம்பிட்டீங்களே, அதை என்னால தாங்க முடியல." அவள் அவர் கையைப் பிடித்து மெல்ல வாயிலிருந்து இறக்கினாள். "நான் சொன்னா நச்சரிப்புன்னு தள்ளிவிடுவீங்க. உங்களை டாக்டர் முன்னாடி உட்கார வைக்க, எனக்கு அரசாங்கத்தைவிட்டா வேற ஆளு கிடைக்கலீங்க!"