துரோகிச் சீட்டு

பொலோன்யாவில் நாங்கள் தினமும் சீட்டாடும் மதுக்கடை. பக்கத்து மேசையில் பிற்பகல் வெயில் விழுந்து கிடக்கிறது. எர்மேத்தே மொர்த்தாதெல்லா இறைச்சி தின்ற விரலை நக்கிவிட்டு, அதே ஈர விரலால் குறி சொல்பவளின் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவுகிறான். ஒற்றைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட மனிதன். ஆலையில் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புத் தகடு இருந்ததென்று முதலாளிக்காகக் கோர்ட்டில் பொய் சொன்னவனுக்கு வேறெந்தச் சீட்டு வரும்? "ஆகா, தியாகி வந்திருக்காருண்ணே!" என்கிறாள் குறிக்காரி லொரெதானா. "மத்தவங்களுக்காக வலியைத் தாங்குற மனசு உங்களுக்கு." அவன் கண்கள் கலங்குகின்றன. நிஜமாகவே கலங்குகின்றன. இதே சீட்டைத் தலைமுறை தலைமுறையாக ஆடுகிற எங்களுக்கு இந்தத் தொங்குகிறவன் பெயர் துரோகி. காட்டிக்கொடுத்தவனை ஒரு காலத்தில் இப்படித்தான் ஊர்ச்சுவரில் வரைந்து வைத்தார்கள், போகிறவன் வருகிறவனெல்லாம் காறித் துப்ப. லொரெதானா சீட்டைத் திருப்பி வைக்கிறாள். இப்போது சீட்டிலிருப்பவன் நேராக நின்று, ஒரு காலை மடக்கி நடனமாடுகிறான். "பாருங்க, நல்ல காலம் பொறந்தாச்சு!" எர்மேத்தே இளிக்கிறான், பல்லிடுக்கில் கொழுப்பு மின்னுகிறது. என் எதிரே ஆடிக்கொண்டிருந்த இவோன்னே எழுகிறாள். அந்த இயந்திரத்துக்குப் பலியானது இவள் கணவன். கைச்சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டுப் போய், அந்தச் சீட்டை ஒற்றை விரலால் மெல்லச் சுற்றி மறுபடி தலைகீழாக்குகிறாள். "இந்த ஊர்ல இவன் இப்படித்தான்டா தொங்குவான்." பிசுபிசுத்த விரலை எர்மேத்தேயின் சட்டையிலேயே துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, "யாரு எறங்கணும்?" என்கிறாள்.