சளியண்ணனைப் பிடித்த துகள்

ஒரு மூக்குக்குள் தடுப்பு மருந்தைப் பீய்ச்சி அடித்தார்கள். அதில் வந்து விழுந்தன, கண்ணுக்கே தெரியாத இரண்டு துகள்கள். வயிறு நிறைய மருந்து. சளியைத் தாண்டி, அதற்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஒட்டிக்கொண்டு மருந்தை இறக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அவற்றில் ஒருவனான பசையனுக்கு உடம்பெல்லாம் இறால் ஓட்டிலிருந்து எடுத்த பசை. பெரிய மனிதர் மாதிரி பரந்து கிடந்த சளியைப் பார்த்ததும் அவனுக்குப் புல்லரித்துவிட்டது. இந்த மூக்கே இவருடையதுதான் என்று முடிவுகட்டி, அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, இனிமே எனக்கு எல்லாம் நீங்கதான்."

"தம்பி, நானே இங்க நிலையா இருக்கிறவன் இல்ல," என்றது சளி.

"என்ன ஒரு தன்னடக்கம்," என்று பசையன் இன்னும் இறுக்கினான்.

கொஞ்சமாகப் பசை பூசிய இன்னொரு துகள் சின்னான், சளிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு உள்ளே நழுவினான்.

"பெரியவங்க பக்கத்துல நிக்கத் தெரியாத பய," என்றான் பசையன்.

சின்னான் சுவரில் ஒட்டி மருந்தை இறக்கி முடித்த நேரம், மூக்குக்காரருக்குத் தும்மல் வந்தது.

கைக்குட்டை மடிப்பில் கண் விழித்த பசையன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். மருந்து அப்படியே இருந்தது. சளி காயத் தொடங்கியிருந்தது.

"இப்பவாவது விடுடா," என்றது சளி.

"என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க. நீங்க மறுபடியும் மூக்குக்குப் போறப்ப, முதல் ஆளா நான் கூட இருக்க வேண்டாமா?"