வேலிக்கு அங்காலை விழும் பூ

“இன்னும் வெட்டோணுமோ?” கதிரையை இறுக்கிப் பிடித்தபடி கேட்டாள் புவனேஸ்வரி.

“வேலிக்கு அங்காலை நீட்டுற கொப்பு ஒண்டும் மிஞ்சக்கூடாது.” கதிரைமேல் நின்ற கனகலிங்கம் பவளமல்லிகையை விறுவிறுவென்று கத்தரித்தார்.

“நிலத்திலை விழுந்த பூவைத்தானே பொறுக்கிறாள்? அதுவும் சாமிக்குத்தானே?”

“காணியை விழுங்கினது காணாதெண்டு, பூவும் வேணுமாமோ உவளுக்கு?”

புவனேஸ்வரி வேலிப் பக்கம் பார்த்தாள். விடியற்காலையில் அந்தப் பக்கம் கேட்கும் வளையல் சத்தத்துக்காகவே அவள் நேரத்தோடு முற்றம் கூட்ட வருவாள். இனி அதுவும் இல்லை.

“இஞ்சருங்கோ, உந்தக் கடைசிக் கொப்பை மட்டும் விடுங்கோவன்.”

“நீ என்ன, அவளுக்காக வழக்குப் பேச வந்த அப்புக்காத்தோ? பேசாமல் கதிரையைப் பிடி.”

அவர் எட்டிச் சரிந்தார். கால் தடுமாறியது. தகர வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் பதறியது.

“அப்பா, தலைச்சுத்து உள்ள ஆள் நீங்கள். கீழை இறங்குங்கோ.”

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. பக்கத்துக் காணியைச் சீதனமாக எழுதி வாங்கிய கையோடு, தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டவள் அவருடைய ஒரே மகள். அதற்குப் பிறகு இன்றுதான் அவள் ‘அப்பா’ என்று கூப்பிட்டிருக்கிறாள்.

கனகலிங்கம் மெல்லக் கீழே இறங்கினார். புவனேஸ்வரி ஆவலோடு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நாளைக்கு ஆள் பிடிச்சு மரத்தை அடியோடை தறிப்பம்,” என்றார் அவர். “கொப்பு வெட்ட ஏறினால்தானே உவள் என்னோடை கதைப்பாள். மரமே இல்லாட்டி நான் ஏறவும் தேவையில்லை, உவள் கதைக்கவும் தேவையில்லை.”